ரோஜாச் செடியடியில் ஒரு வீடு

பெரின் ஊரை விட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. ஹிதிர்லெஸ் பண்டிகைக்கு மறுநாள். மினி பஸ் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. எல்மாஸ் வழக்கப்படி செப்புக் குடுவை நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு படலருகே வந்துவிட்டாள். யார் கிளம்பினாலும், வண்டி நகர்ந்ததும் அதன் பின்னால் சாலையில் தண்ணீரை வீசி ஊற்றுவாள். "தண்ணியாப் போ, தண்ணியாவே திரும்பி வா" என்பாள். தங்க வந்தவர்களுக்கு மட்டும் என்றில்லை. மின்சாரக் கணக்கு எடுக்க வந்தவனுக்கு ஊற்றியிருக்கிறாள். போர்வையில் ஆட்டு வாடை அடிக்கிறது என்று காலையும் மாலையும் குறை சொன்ன தம்பதிக்கும் ஊற்றியிருக்கிறாள். அவர்களுக்குக் கொஞ்சம் வேகமாக, பின் கண்ணாடியில் அறையும்படி.

அன்று வண்டி நகர்ந்தது. ஜன்னலிலிருந்து பெரின் கையசைத்தாள். வண்டி மசூதிப் பக்கம் திரும்பி மாதுளை மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. புழுதி அடங்கியது. குடுவையில் தண்ணீர் அப்படியே இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்த ஹூரு இதைப் பார்த்துவிட்டாள். ஹூருவின் வீடும் எல்மாஸின் வீடும் ஒரே வேலியை முப்பது வருஷமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வேலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

"என்னடி, அந்தப் பொண்ணுக்குத் தண்ணி ஊத்தல?"

"குடுவை ஓட்டை."

"ஓட்டைக் குடுவைல தண்ணி எப்படிடி நிக்குது?"

எல்மாஸ் தண்ணீரைக் கோழிகளின் தொட்டியில் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

எல்மாஸுக்கு அறுபதுக்குக் கொஞ்சம் குறைவு. குட்டையான உடம்பு, அகன்ற தோள். பூப்போட்ட தொளதொள ஷல்வாரின் முழங்கால் இரண்டிலும் எப்போதும் ஈர மண் ஒட்டியிருக்கும். பிடரியில் முடிச்சிட்ட தலைத்துணி. தக்காளிச் செடியைத் தொட்டுத் தொட்டுப் பச்சைக் கருப்பேறிய விரல்கள். எலுமிச்சம்பழத்தால் தேய்த்தாலொழிய அந்தக் கறை போகாது. கல்யாணத்துக்குப் போகும்போது மட்டும் தேய்ப்பாள். சாவு வீட்டுக்குத் தேய்ப்பதில்லை. "செத்தவங்க கையப் பாக்க மாட்டாங்க" என்பாள்.

அவளுடையது நாலு அறை கொண்ட பான்சியோன், வீட்டோடு சேர்ந்த சின்ன விடுதி. முன்பு வாசலில் ஒரு பலகை இருந்தது. ஒரு மார்கழிக் காற்றில் அது விழுந்தது. கணவர் தெவ்ஃபிக் அதை எடுத்துக் கோழிக் கூட்டுக்குக் கூரையாக்கிவிட்டார். இன்று "எல்மாஸ் பான்சியோன், சுடுதண்ணீர் உண்டு" என்ற எழுத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு கோழிகள் குடியிருக்கின்றன. ஆனாலும் வருகிறவர்கள் வழி கேட்டு வந்துவிடுகிறார்கள்.

வருகிறவர்கள் கடலுக்காக வருகிறார்கள், பழைய நகரத்துக்காக வருகிறார்கள். சஸ்லி என்ற இந்த ஊரில் இரண்டும் ஒரே சாலையில் இருக்கின்றன. வளைவு வாசல் ஒன்று, பாதி மணலில் புதைந்த அரங்கம் ஒன்று, கூரை போன குளியல்கூடம் ஒன்று, சாலையோரமாகக் கல் சவப்பெட்டிகள். இவற்றைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல். காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மனிதர்கள் அந்த வளைவுக்குள் நுழைந்து கடலுக்குப் போவார்கள். சாயங்காலம் அதே வளைவுக்குள் நுழைந்து மாடுகள் வீட்டுக்கு வரும். மீதி ஊர் முழுக்கப் பிளாஸ்டிக் போர்த்திய பசுமைக்குடில்கள். குன்றின் மேல் நின்று பார்த்தால் எது பிளாஸ்டிக், எது கடல் என்று பிரிக்கக் கண் கொஞ்சம் பழக வேண்டும்.

"கடல் தெரியற இடத்தையெல்லாம் செத்தவங்க எடுத்துக்கிட்டாங்க. நமக்குக் கொசு தெரியற இடம்" என்று தெவ்ஃபிக் தேநீர்க் கடையில் சொல்வார். அவர் சொல்லும் ஒரே நகைச்சுவை அது. ஊரார் ஒவ்வொரு முறையும் மரியாதைக்குச் சிரிப்பார்கள்.

எல்மாஸிடம் தங்குகிறவர்கள் முதல் நாள் கடலுக்குப் போவார்கள். இரண்டாம் நாள் காலை அவள் தயிரும் ஒலிவக் காயும் வைத்துக்கொண்டே, "இன்னிக்கு அலை ஜாஸ்தி" என்பாள். அலை இருக்காது. ஆனால் சாப்பிட்டு முடித்தவர்கள் எப்படியோ குடிலுக்குள் நூலும் கையுமாக நின்றுகொண்டிருப்பார்கள். மேலே ஓடும் கம்பியிலிருந்து தொங்கும் நூலில் தக்காளிக் கொடியைச் சுற்றிவிடுவது எப்படி என்று எல்மாஸ் காட்டிக்கொடுப்பாள். "வலப்பக்கமாச் சுத்து கண்ணு. இடப்பக்கமாச் சுத்தினா செடிக்குத் தலை சுத்தும்." மருத்துவர்கள், கப்பல்காரர்கள், தேனிலவுக்கு வந்தவர்கள், எல்லாரும் சுற்றியிருக்கிறார்கள். கூலி கிடையாது. ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டித் தக்காளி கொடுப்பாள். அவர்கள் அதைப் பரிசு என்று நினைத்து நெகிழ்ந்துபோவார்கள்.

புதிதாக வருகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்பாள். அப்பா அம்மா இருக்காங்களா? கல்யாணம் ஆச்சா? வீட்டு வாடகை எவ்வளவு? என்ன வேலை என்று மட்டும் கேட்கமாட்டாள். அதைக் கையைப் பார்த்துத் தானே கண்டுபிடித்துவிடுவதாக அவள் எண்ணம். கண்டுபிடித்த பிறகு சரிபார்க்கும் வழக்கமும் இல்லை. இஸ்மிரிலிருந்து வந்த ஒரு நீதிபதியைக் கசாப்புக்காரர் என்று முடிவுகட்டி, ஆட்டுத் தொடையையும் கத்தியையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் சற்று யோசித்துவிட்டு எலும்பைக் கழிக்கத் தொடங்கினார். ஒழுங்காகவே கழித்தார். ஆகவே அவள் கணிப்பு அதுவரை தவறியதில்லை.

பெரின் வந்து இறங்கிய அன்று அவள் கையையும் பார்த்தாள். மெலிந்த விரல்கள், நடுவிரலின் பக்கத்தில் காய்த்துப்போன ஒரு சிறு மேடு, வெட்டிய நகம். "தையல்காரி" என்று ஹூருவிடம் சொன்னாள். "நல்ல தையல்காரி. ஊசி பிடிச்ச கை."

"கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? கண்ணு இருக்குல்ல."

பெரின் முப்பதைத் தாண்டியவள். தனியாக வந்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் பேசுகிறவர்களை நிறுத்தவும் மாட்டாள். எல்மாஸுக்கு அப்படிப்பட்டவர்களைத்தான் பிடிக்கும். கொடி சுற்றிக்கொண்டே தன் மனசில் இருந்த ஒரே விஷயத்தை அவளிடம் கொட்டினாள். அது மகன் இல்யாஸின் வீடு.

இல்யாஸ் அன்தால்யாவில் பெரிய ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறான். காலையில் ஆயிரம் பேருக்கு முட்டை பொரிக்கிறான். மனைவி சிபெல் நல்ல பெண். ஆனால் மாமியாரோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்கமாட்டேன் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். எல்மாஸ் அதில் கோபப்படவில்லை. "நானும் என் மாமியார்கூட இருந்தவதான். அந்தப் பொண்ணு புத்திசாலி." குடிலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் முக்கோணமாக ஒரு மூலை நிலம் சும்மா கிடந்தது. அங்கே இரண்டறை வீடு கட்டினால் அவர்கள் வந்துவிடுவார்கள். இல்யாஸே வாயால் சொல்லியிருந்தான். நகராட்சியில் மனுக் கொடுத்தாகிவிட்டது. ஊரே பழைய நகரத்தின் எல்லைக்குள் இருப்பதால், அஸ்திவாரம் போடும் முன் அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வந்து ஒரு குழி வெட்டிப் பார்ப்பார்கள். குழியில் ஒன்றும் இல்லையென்றால் அனுமதி. ஏதாவது இருந்தால் வேலி.

அந்த வேலி என்றால் என்னவென்று ஊருக்குத் தெரியும். செலாமி என்று ஒருவன் தன் நிலத்தில் தூணின் தலைக்கல் ஒன்று கிடைத்ததை ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். இப்போது அவன் நிலத்தைச் சுற்றிக் கம்பி. கம்பிக்கு வெளியே குடை நட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கு ஆரஞ்சு பிழிந்து விற்கிறான். ஆரஞ்சு பக்கத்து ஊரிலிருந்து வாங்குவது. அதிலிருந்து ஏர்முனையில் கல் தட்டினால், "மண்ணு பல்லக் காட்டுது" என்று சொல்லி அப்படியே மூடிவிட்டு அடுத்த சாலுக்குப் போவதுதான் சஸ்லியின் மரியாதை. யார் நிலத்தில் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் அது பெரிய கல்லுக்கு. விரல்நுனி அளவுச் சதுரக் கற்கள், சிவப்பும் வெள்ளையும் கடுகு மஞ்சளுமாக, மழை பெய்தால் மண்ணுக்கு மேலே வரும். அவற்றை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. குழந்தைகள் வைத்து விளையாடுவார்கள். கோழி கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பும். எல்மாஸின் மூலையில் அவை கொஞ்சம் அதிகமாகவே வரும்.

ஹிதிர்லெஸுக்கு முந்தின சாயங்காலம் ரோஜாச் செடியின் அடியில் வேண்டுதலைக் கல்லால் வரைந்து வைக்க வேண்டும். ஹிதிர் நபி அந்த இரவில் பூமியில் நடப்பார். எந்த வாசலில் எது கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவார். பிள்ளை வேண்டுமென்றால் தொட்டில். பயணம் வேண்டுமென்றால் படகு. ஹூரு வருஷா வருஷம் டிராக்டர் போடுவாள். அவள் மகன் கடைசியில் மோட்டார் சைக்கிள் வாங்கினான்.

"நீ சக்கரத்துக்குக் கல்லு குறைச்சு வச்சிருப்ப" என்றாள் எல்மாஸ்.

"நீ உன் வீட்டைப் பாருடி. கதவு எங்க? உன் மருமக சுவரேறிக் குதிச்சா வருவா?"

எல்மாஸ் அந்த முறை கூழாங்கல் பொறுக்கவில்லை. இந்த வீடு அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். மூலைக்குப் போய் மேலங்கி நிறைய அந்தச் சின்னக் கற்களை அள்ளி வந்தாள். வெள்ளையில் சுவர், சிவப்பில் கூரை, மஞ்சளில் இரண்டு ஜன்னல். ஹூரு சொன்னதற்காக ஒரு கதவும். பார்ப்பதற்கு உண்மையிலேயே நன்றாக இருந்தது. தெவ்ஃபிக்கூட வந்து நின்று பார்த்துவிட்டு, "கழிப்பறை?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பெரின் ரோஜாச் செடியருகே குந்தியிருந்தாள். எல்மாஸ் அடுப்பில் முட்டையை உடைத்து ஊற்றியபடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது.

"நல்லாருக்கா, கண்ணு?"

"ரொம்ப நல்லாருக்குக்கா. இந்தக் கல்லெல்லாம் எங்க எடுத்தீங்க?"

"அந்த மூலைலதான். வீடு கட்டப்போற மூலை. மண்வெட்டிய வச்சாப் போதும், அரிசி மாதிரி வரும்."

பெரின் ஒரு மஞ்சள் கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள், அதே பக்கம் மேலே இருக்கும்படி. அந்த வைப்பில் இருந்த கவனம் எல்மாஸுக்கு ஏனோ பிடிக்கவில்லை.

"அடில சுண்ணாம்பு ஒட்டியிருக்குக்கா. இது உதிரிக் கல்லு இல்ல. தரையிலேர்ந்து வந்தது. கீழ தரை முழுசாவே இருக்கலாம். சின்னக் கல்லு பதிச்சுப் படம் போட்ட பழைய தரை."

முட்டை தீய ஆரம்பித்தது. எல்மாஸ் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"நீ தையல்காரிதானே?"

"இல்லக்கா. மியூசியத்துல படம் வரையற வேலை. பானை, தரை, கல்லு, எது கிடைச்சாலும் அதைப் பார்த்துக் கோடு போட்டு வரைவேன். தோண்டறது வேற ஆளுங்க."

பிறகு இருவரும் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டார்கள். எல்மாஸ் ஈதுப் பெருநாளுக்கென்று எடுத்து வைத்திருந்த தேனைத் திறந்தாள். பெரின் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள். மூலையைப் பற்றி எல்மாஸ் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்டால் அது கெஞ்சுவது போலாகும் என்று எல்மாஸ் நினைத்தாள். அவள் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள். குடிலுக்கு இழுத்துக்கொண்டு போகத்தான் தெரியும். அன்று அலை ஜாஸ்தி என்றுகூடச் சொல்லவில்லை. பெரின் தானாகவே கடலுக்குப் போய், வெயில் சாயும்வரை வரவில்லை.

வியாழக்கிழமை காலை எல்மாஸ் ஒரு பெட்டித் தக்காளியும் மாதுளைப் புளிச்சாறு ஒரு பாட்டிலும் கட்டி வைத்தாள்.

"வேணாம்க்கா. பை கனக்கும்."

சஸ்லியில் கட்டிக் கொடுத்ததை யாரும் மறுப்பதில்லை. சண்டைக்காரன்கூட வாங்கிக்கொண்டு போய் வழியில் வேறு யாருக்காவது கொடுப்பான். மறுக்கிறவன் மனசில் ஏதோ முடிவு செய்திருக்கிறான் என்று அர்த்தம். எல்மாஸ் பெட்டியைத் திரும்ப அடுக்களைக்குக் கொண்டுபோனாள். அதற்கப்புறம்தான் குடுவையை நிரப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தது.

"சொல்லப்போறா" என்றாள் தெவ்ஃபிக்கிடம்.

"சொல்லலன்னா?"

"உப்பைத் தின்ன மாட்டேன்னுட்டா மனுஷா. அப்புறம் என்ன?"

தெவ்ஃபிக் எதையும் உடனே ஒப்புக்கொள்கிறவர் இல்லை. சிகரெட்டைப் பற்றவைத்தார். "அந்தக் கல்லையெல்லாம் அள்ளிக் கடல்ல கொட்டு" என்றார்.

"வேண்டுதலைக் கலைக்கச் சொல்றியா?"

வேலிக்கு அப்பாலிருந்து ஹூரு குரல் கொடுத்தாள்: "ஹிதிர் வந்து பாக்கறதுக்கு முன்னாடி மியூசியம் வந்து பாத்துடுச்சு. உன் அதிர்ஷ்டம் அப்படிடி."

அதிலிருந்து எல்மாஸ் வெள்ளைக் கார்களைப் பார்க்கத் தொடங்கினாள். அரசாங்கத்துக் கார்கள் வெள்ளை. மூலை நிலத்தின் மேல் பழைய பிளாஸ்டிக்கை விரித்தாள். பிறகு அது ஏதோ மறைப்பது போலத் தெரிகிறது என்று எடுத்துவிட்டுக் காலிப் பெட்டிகளை அடுக்கினாள். அதுவும் அப்படியே தெரிந்தது. கடைசியில் ஒரு வண்டி ஆட்டெருவைக் கொட்டினாள். எருவைக் கண்டு யாரும் சந்தேகப்படமாட்டார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஒரு நாள் வெள்ளைக் கார் வந்தே விட்டது. இறங்கியவருக்குத் தேநீர், வறுத்த பாதாம், தேன், ஆட்டுப் பாலாடைக்கட்டி என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. எதற்கு வந்தீர்கள் என்று எல்மாஸ் கேட்கவே இல்லை. அவர் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்து, சங்கடத்தோடு சொன்னார்: "அத்தை, ஆடு எத்தனை இருக்கு? தடுப்பூசி போடணும்." கால்நடை மருத்துவர். அந்த வருஷம் எல்மாஸ் வீட்டு ஆடுகளுக்குத்தான் ஊரிலேயே முதலில் ஊசி போட்டார்கள்.

ஜூன் மாதம், குடிலில் கடைசித் தக்காளி பறித்து, காய்ந்த கொடிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த சமயம், அவள் தெவ்ஃபிக்கிடம் சொன்னாள்.

"நாளைக்கு டவுனுக்குப் போய் மனுவத் திரும்ப வாங்கிடு."

"என்ன மனு?"

"வீட்டு மனு."

தெவ்ஃபிக் கொடியைக் கீழே போட்டார். "நாமளே போய் வேணாம்னு சொன்னாத்தான் சந்தேகம் வரும்."

"குழி வெட்டினா தரை வரும். தரை வந்தா வேலி வரும். வேலி மூலையோட நிக்குமா? படம் போட்ட தரை எந்தப் பக்கம் போகுதுன்னு யாருக்குத் தெரியும்? குடிலுக்கு அடியிலயும் போகும். குடில் போச்சுன்னா நீ செலாமி பக்கத்துல இன்னொரு குடை நட்டு உக்காரு. மனு இல்லன்னா குழி இல்ல. அவ சொன்னாலும் வெறும் பேச்சுதான்."

"பையனுக்கு என்ன சொல்ற?"

"இந்த வருஷம் வேணாம்னு."

இல்யாஸிடம் காரணத்தை அவள் சொல்லவில்லை. சொன்னால் அவன் சிபெலிடம் சொல்வான், சிபெல் தன் அண்ணனிடம் சொல்வாள், அண்ணன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். தொலைபேசியில், "அம்மாவுக்கு முட்டி வலிடா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள்.

"வீடு கட்டறது மேஸ்திரியா, உன் முட்டியாம்மா?"

"ரெண்டும்தான்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு இல்யாஸ், "சரிம்மா" என்றான். அவன் எப்போதும் சண்டை போட்டுவிட்டுத்தான் சரி என்பான். அன்று நேராகச் சரி என்றான். இலையுதிர் காலத்துக்குள் அன்தால்யாவில் ஆறாவது மாடியில் ஒரு வீட்டுக்குக் கடன் கையெழுத்துப் போட்டுவிட்டான். கடன் முடியும்போது அவனுக்குத் தலை நரைத்திருக்கும்.

எல்மாஸ் ஒரு முறை அங்கே போய் வந்தாள். மூன்று பெட்டித் தக்காளியோடு மின்தூக்கியில் ஏறினாள். பால்கனியிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுப் பால்கனி தெரிந்தது. அந்தப் பால்கனியில் ஒரு பெண் துணி காயப்போட்டாள். எல்மாஸ் சத்தமாக அவளுக்கு ஸலாம் சொன்னாள். அந்தப் பெண் பயந்து உள்ளே போய்விட்டாள். சிபெல் பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். மாமியாரின் காலடியில் தலையணை வைத்துக் கவனித்துக்கொண்டாள். "முட்டி எப்படி இருக்கு, அத்தை?" என்று கேட்டாள். எல்மாஸுக்கு ஒரு கணம் எந்த முட்டி என்று விளங்கவில்லை.

ஊர் திரும்பியதும் அந்த மூலையில் எருவைப் பரப்பி மொச்சை போட்டாள். மொச்சை நன்றாக வந்தது. மழைக்குப் பிறகு களை எடுக்கும்போது அந்தச் சின்னக் கற்கள் ஈரத்தில் பளபளவென்று தலை காட்டும். அவள் பொறுக்கமாட்டாள். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் மண்ணுக்குள் அழுத்திவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்வாள். ரோஜாச் செடியடியில் இருந்த வீட்டை ஒரு குளிர்கால மழை கலைத்தது. அவளாகக் கலைக்கவில்லை.

இன்னொரு மாற்றமும் வந்தது. இப்போதெல்லாம் யாராவது பையோடு படலைத் திறந்தால், பையைக் கீழே வைக்கும் முன்பே, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டுவிடுகிறாள். அப்பா அம்மா, கல்யாணம், வாடகை எல்லாம் அதற்கப்புறம்தான்.

"பாஸ்போர்ட்டும் கேளுடி" என்கிறாள் ஹூரு.

ஒரு முறை, தான் பல் மருத்துவர் என்று ஒருவர் சொன்னார். எல்மாஸ் அவர் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாத்தா அப்படித் தெரியல" என்றாள். ஆனாலும் அறை கொடுத்தாள்.

இரண்டு குளிர்காலங்கள் போயின. இல்யாஸுக்குப் பெண் குழந்தை பிறந்து நடக்கத் தொடங்கியது. ஈதுக்கு வருவார்கள், இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் காலை கிளம்பிவிடுவார்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள், குடிலுக்குள் வெயில் பிளாஸ்டிக் வழியாகப் பால் போல இறங்கிக்கொண்டிருந்தது. மகரந்தம் சேர்க்க வாங்கி வைத்திருந்த குண்டுத் தேனீக்கள் அட்டைப் பெட்டியிலிருந்து போவதும் வருவதுமாக இருந்தன. எல்மாஸ் கொடி சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் தொலைபேசியைத் தலைத்துணிக்குள் காதோரமாகச் செருகியிருந்தாள். ஊர்ப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான் பேசுகிறார்கள். மணி அடித்தது. தெரியாத எண்ணிலிருந்து குரல் செய்தி. தெவ்ஃபிக்கைக் கூப்பிட்டு அமுக்கச் சொன்னாள். அவர் அமுக்கிவிட்டு, திரும்ப அவள் காதோரம் செருகிவிட்டு, அருகிலேயே நின்றார்.

"எல்மாஸ் அக்கா, நான் பெரின். ஞாபகம் இருக்கா? உங்ககிட்ட ஹிதிர்லெஸுக்கு வந்தேன். உங்க நம்பரத் தேடிக் கண்டுபிடிக்கவே இவ்வளவு நாளாச்சு. அக்கா, இந்த மே மாசம் எங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு வரலாம்னு இருக்கேன். அவங்க கடலப் பாத்து ரொம்ப வருஷமாச்சு." பின்னால் எங்கோ டிராம் ஓடும் சத்தம். "அந்தக் கல்லு விஷயம். நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. பொய் சொல்லல, முதல் வாரம் முழுக்க வாய் வரைக்கும் வந்துச்சு. ஒரு நாள் மேலதிகாரி அறை வாசல் வரைக்கும் போனேன். அப்புறம் அந்த மூலையில யார் வந்து இருக்கப்போறாங்கன்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு, திரும்பிட்டேன். சரியா தப்பான்னு இப்பவும் தெரியல. அந்த வேலைய அப்பவே விட்டுட்டேன், இப்ப ஸ்கூல்ல படம் சொல்லிக் குடுக்கறேன். இந்நேரம் வீடு எழும்பியிருக்கும். இல்யாஸ் தம்பி குடும்பம் வந்தாச்சா? வந்திருந்தா அவங்க வீட்டுலயே எங்களுக்கு ஒரு ரூம் குடுங்க. எங்கம்மாவால படி ஏற முடியாது."

செய்தி முடிந்தது. எல்மாஸின் கைகள் நிற்கவில்லை. கையிலிருந்த கொடியை நூலில் வலப்பக்கமாகச் சுற்றி முடித்தாள். அடுத்த செடியையும் சுற்றினாள்.

"யாரு?" என்றார் தெவ்ஃபிக்.

"மே மாசத்துக்கு ரூம் கேக்கறாங்க."

"யாருன்னு கேட்டேன்."

அவள் தலைத்துணியிலிருந்து தொலைபேசியை உருவினாள். கண்ணாடியில் பச்சைக் கறை படாமல் இருக்க முழங்கையால் ஒரு முறை துடைத்தாள். எந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும் என்று தெவ்ஃபிக் காட்டினார். அழுத்தினாள்.

"ரூம் இருக்கு, மகளே. கீழ் ரூம், படி கிடையாது. காலைச் சாப்பாடு சேர்த்துத்தான். அம்மாவுக்கு உப்பு ஆகுமான்னு சொல்லு, பாலாடைக்கட்டிய ஊற வச்சுடறேன்."

விரலை எடுத்தாள். செய்தி போனது. தெவ்ஃபிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். எல்மாஸ் அந்தப் பொத்தானைத் திரும்ப அழுத்தினாள். வாயருகே கொண்டுபோனாள். உதடு பிரிந்தது. தேனீக்கள் பூவுக்குப் பூ இரைந்துகொண்டிருந்தன, எங்கோ குழாயிலிருந்து சொட்டு நீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் அழுத்திய விரலை வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு எடுத்தாள். தேனீக்களின் இரைச்சல் மட்டும் நிறைந்த அந்தச் செய்தியும் போய்ச் சேர்ந்தது.